பக்கவாட்டில் ஜிப் வைத்த கறுப்பு காக்டெய்ல் கவுன்: எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#1 எடிசன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போகிறார். சாமான் ஒழித்துப் போடும்போது ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்து, உனக்குத் தையல் தெரியும், நீயே வைத்துக்கொள் என்றார். உள்ளே அவருடைய அம்மா உடுத்திய கறுப்பு கவுன் ஒன்று. 1943 அல்லது 44, யுத்த காலத்தது என்கிறார்.

கறுப்பு டஃபேட்டா, தொட்டால் சரசரக்கிறது. கை இல்லை. இடுப்பு வரை உடம்போடு ஒட்டி, அங்கிருந்து குடை மாதிரி விரிகிறது. நீளம் சரியாக முழங்கால் வரை. கூடவே அதே துணியில் மார்பளவுக்கு ஒரு குட்டை ஜாக்கெட். ஜிப் முதுகில் இல்லை, இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கிறது, உலோகப் பல். கழுத்துப் பக்கம் இருந்த லேபிளை யாரோ கத்தரித்துவிட்டார்கள்.

இது காக்டெய்ல் டிரஸ் என்று அவர் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் கல்யாண ரிசப்ஷன் அழைப்பிதழில் போடுவதாகத்தான் தெரியும். எந்த வருஷத்தது, எப்படித் துவைப்பது, இந்த மாதிரி உடை காலத்துக்குக் காலம் எப்படி மாறியது, தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். நேரம் இருக்கிறது, படிக்கிறேன்.

#2 பாபின்

கறுப்பு என்றால் பாரிஸ் வடிவமைப்பாளர் ஷனெல்தான். 1926இல் அமெரிக்க வோக் பத்திரிகையில் வந்த அந்தச் சின்னக் கறுப்பு உடையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அதை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டு எழுதினார்கள், எல்லோரும் உடுத்தக்கூடியது என்ற அர்த்தத்தில். உங்களுடையது அந்த வழியில் வந்ததுதான்.

#3 பழையபெட்டி

பாபின் சொல்வது பாதி சரி. அந்த 1926 படத்தைப் பார்த்தால் முழுக்கை வைத்த, நேராகத் தொங்கும் க்ரேப் உடை. பகலுக்கும் ஆகும், மாலைக்கும் ஆகும். ஷனெல் கொண்டுவந்தது எளிமையை. ஆனால் காக்டெய்ல் உடை என்ற ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு பொழுது, அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை மதுவிலக்கு. அதற்கு முன் மதுக்கடை என்பது ஆண்கள் போகும் இடம். கடையை மூடியதும் குடி வீட்டுக்கு வந்தது, கள்ளத்தனமாக நடத்திய பார்களுக்கும் போனது, இரண்டு இடத்திலும் பெண்கள் இருந்தார்கள். சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குக் கூடுவது, நின்றபடியே ஒரு கோப்பை, கொஞ்சம் பேச்சு, அப்புறம் சிலர் வீட்டுக்கு, சிலர் இரவு விருந்துக்கு. வசதியான வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இரவு விருந்துக்குத் தரையைத் தொடும் கவுன் என்று வேளைக்கு ஓர் உடை இருந்தது. புதிதாக முளைத்த இந்த வேளைக்கு எதுவும் பொருந்தவில்லை. மதிய உடை சாதாரணமாக இருக்கும், இரவு கவுன் அளவுக்கு மீறித் தெரியும். இடைப்பட்ட ஒன்று வேண்டியிருந்தது: துணி பட்டு, நீளம் பகல் உடையின் நீளம், தலையில் தொப்பி, கையில் கையுறை.

உங்கள் கவுனோடு வந்த குட்டை ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் இந்த உடையின் அடையாளம். ஜாக்கெட் போட்டால் ஆறு மணி, கழற்றினால் எட்டு மணி.

#4 எடிசன்வாசி

அந்தக் கடைசி வரி படித்ததும் எழுந்துபோய் ஜாக்கெட்டைத் தனியாக மடித்துவைத்தேன். இடுப்பில்லாமல் மணி தொங்கும் இருபதுகளின் உடைகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே வகையா?

#5 ஆரிக்காரி

அந்த மணி உடைகளைப் பற்றி நான் சொல்கிறேன், என் தொழில் அதுதான். கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறேன். இருபதுகளின் பாரிஸ் உடைகளில் இருக்கும் மணி வேலை பெரும்பாலும் நம் ஆரி ஊசியின் உறவுக்கார ஊசியில் போட்டது. கிழக்கிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன வேலை அது. பிரான்சில் லூனேவில் என்ற ஊரில் அதையே மணி கோக்க ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் துணியின் நல்ல பக்கம் பார்த்துப் போடுவோம். அவர்கள் மணியை முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டு, துணியின் உள்பக்கத்தைப் பார்த்தபடி கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டே போவார்கள். கண்ணால் பார்க்காத பக்கத்தில் மணி வரிசையாக விழும். வேகம் அதிகம். அதனால்தான் ஒரே கவுனில் அவ்வளவு மணி வைக்க முடிந்தது.

அந்தக் கால மணி உடை யாரிடமாவது இருந்தால் ஹேங்கரில் மாட்டவே கூடாது. ஷிஃபான் மேல் அத்தனை எடை, தோளில் கிழிந்துவிடும். தட்டையாகப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும்.

#6 கத்தரிக்கோல்

நாற்பது வருஷம் பெண்கள் உடை வெட்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

உடையின் காலத்தைக் கண்டுபிடிக்க வெளியே பார்க்காதீர்கள், புரட்டி உள்ளே பாருங்கள். வெளித்தோற்றம் திரும்பத் திரும்ப வரும், உள்வேலை அப்படி வராது. என் கணக்கில் காக்டெய்ல் உடையின் நூறு வருஷக் கதை ஒரே கேள்விதான்: பெண்ணின் உருவத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை யார் செய்கிறார்கள்? உடையா, துணியா, அந்தப் பெண்ணின் உடம்பா?

இருபதுகளில் யாரும் செய்யவில்லை, உடை தோளிலிருந்து தொங்கியது, அவ்வளவுதான். 1929 வாக்கில் பாவாடை மறுபடி கீழே இறங்கியது. முப்பதுகளில் கிராஸ் கட்டிங். நம் ஊர் டெய்லர்கள் ப்ளவுஸுக்குச் செய்வதை மதலேன் வியோனே என்ற பாரிஸ்காரர் முழு உடைக்கும் செய்தார். துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினால் ரப்பர் இல்லாமலே இழுபடும், உடம்பின் வளைவில் தானே படியும். அதில் மறைக்க எதுவும் இல்லை, உடம்பு இருக்கிறபடி தெரியும்.

அப்புறம் யுத்தம். அமெரிக்காவில் 1942இல் எல்-85 என்று ஓர் ஆணை போட்டார்கள். பாவாடையின் சுற்றளவு, அடிமடிப்பின் ஆழம் வரை கட்டுப்பாடு. இங்கிலாந்தில் 1941 ஜூனிலிருந்து துணிக்குக் கூப்பன், 1949 வரை அது தொடர்ந்தது. நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டது. அந்த வருஷங்களின் கறுப்பு உடை ரேயான் க்ரேப்பில், தோளில் பஞ்சு வைத்து, ஒடுங்கிய பாவாடையோடு இருக்கும். ஒரே உடையை வைத்துக்கொண்டு தொப்பியையும் நகையையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தார்கள். சமிக்கிக்குக் கட்டுப்பாடு இல்லாததால் கழுத்தோரம் ஒரு கைப்பிடி சமிக்கி வைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன் எடிசன்வாசி, குடை மாதிரி விரிந்த டஃபேட்டா பாவாடை 1943ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வளவு துணி அன்று கடையில் விற்கும் உடைக்குக் கொடுக்கமாட்டார்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, குழந்தையாக இருந்தபோது பார்த்ததை வைத்து வருஷம் சொல்கிறார், அது தள்ளித்தான் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டி, கம்பி, நெட் துணி, லேபிள், தையல் விளிம்பின் அகலம் எல்லாம்.

#7 எடிசன்வாசி

இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன், அசந்துபோனேன். வெளியே தெரியும் உடைக்குள் இன்னொரு உடையே இருக்கிறது! மேல் பாகத்தில் பருத்தி லைனிங், அதில் எட்டு இடத்தில் மெல்லிய கம்பி மாதிரி ஏதோ உறைக்குள் தைத்திருக்கிறது. இடுப்பில் தனியாக ஒரு ரிப்பன் பட்டி, இரண்டு ஹூக்கோடு. ஜிப் போடும் முன் இதை மாட்ட வேண்டும் போல. பாவாடைக்கு அடியில் விறைப்பான நெட் மூன்று அடுக்கு. தையல் விளிம்பு பக்கத்துக்கு ஒரு அங்குலம் விட்டிருக்கிறார்கள். துணி என்ன வகை என்றோ எப்படித் துவைப்பது என்றோ எந்தச் சீட்டும் இல்லை. பக்கத் தையலுக்குள் மட்டும் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு, ஊசி நூல் படம் போட்டு ஏதோ தொழிற்சங்கம் பெயர் இருக்கிறது.

#8 பழையபெட்டி

அந்தச் சீட்டு பெண்கள் உடை தைக்கும் தொழிலாளர் சங்கத்துடையது. 1900இல் ஆரம்பித்து 1995இல் வேறு சங்கத்தோடு இணைந்தது. எழுபதுகளின் நடுவிலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறத்தில் வரும். உங்களுடையது மூன்று நிறம் இல்லை என்றால் அதற்கு முந்தையது. அமெரிக்காவில் என்ன இழை என்று சீட்டில் எழுதவேண்டும் என்ற சட்டம் 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. துவைக்கும் முறை எழுதும் விதி 1972இல். இரண்டுமே இல்லை, உள்ளே கம்பி, நெட், உலோக ஜிப். கூட்டிப் பார்த்தால் 1947க்கும் 1960க்கும் நடுவே.

1947 ஏன் என்று கேட்பீர்கள். அந்த வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். ஒடுங்கிய இடுப்பு, அதற்குக் கீழே பந்து மாதிரி உருண்ட வடிவம், பத்துப் பதினைந்து கெஜத்துக்கும் மேல் துணி விழுங்கும் பாவாடை. அவருக்குப் பணம் போட்டவர் மார்செல் பூசாக், பிரான்சின் பெரிய பருத்தி ஆலை அதிபர், துணி நிறையச் செலவாவது அவருக்கு நல்லதுதானே. அமெரிக்காவில் எதிர்ப்புக் கிளம்பியது. டெக்சஸ் மாநிலத்தில் பாவாடையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவோம் என்று சங்கமே வைத்தார்கள். ஆனாலும் இரண்டே வருஷத்தில் எல்லோரும் நீளப் பாவாடைக்கு மாறிவிட்டார்கள். காக்டெய்ல் உடை என்ற பெயரை ஃபேஷன் உலகில் ஊன்றியவரும் டியோர்தான். 1948லேயே நியூயார்க்கில் கிளை திறந்தார். அவர் வடிவங்களை நியூயார்க் ஏழாம் அவென்யூ தயாரிப்பாளர்கள் பார்த்துப் பார்த்துத் தைத்து நாடெங்கும் விற்றார்கள். உங்கள் கையில் இருப்பது அந்தக் கூட்டத்தில் ஒன்று.

#9 பாபின்

அப்போ ஐம்பதுகளா! 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனிஸ்' என்ற 1961 படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் போட்ட கறுப்பு உடைதானே காக்டெய்ல் உடைகளிலேயே பெரிய புகழ் பெற்றது? அது எந்த வகை?

#10 பழையபெட்டி

அது ஷிவான்ஷி வடிவமைத்தது, தரை வரை நீளம், இரவு கவுன். விடியற்காலையில் வீடு திரும்புகிறாள் என்று காட்டத்தான் அந்த உடையே. அதே வடிவில் ஒன்று 2006 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 4,67,200 பவுண்டுக்குப் போனது. சின்னக் கறுப்பு உடை என்று எல்லோரும் அதைக் காட்டுவார்கள், ஆனால் காக்டெய்ல் உடை என்றால் கணுக்கால் தெரிய வேண்டும்.

#11 கத்தரிக்கோல்

எட்டுக் கம்பி, இடுப்புப் பட்டி, மூன்றடுக்கு நெட். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்த ரிப்பன் பட்டிதான் முழு உடையின் எடையையும் இடுப்பில் நிறுத்தும், தோள் சும்மா இருக்கும். ஐம்பதுகளின் உடைக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தானாக நிற்கும் உடை'. ஹேங்கர் இல்லாமல் மேஜையில் வைத்தாலும் பாதி நிற்கும். உருவம் உடையிலேயே இருக்கிறது, பெண் அதற்குள் நுழைந்துகொள்கிறாள். தடித்தவரோ ஒல்லியோ, உள்ளே போனால் அந்தக் காலத்து உருவம் வந்துவிடும். மூச்சுவிடத்தான் சிரமம்.

ஒரு அங்குலத் தையல் விளிம்பு விட்டிருப்பதையும் கவனியுங்கள். பிள்ளை பெற்று உடம்பு மாறினால் பிரித்து விடலாம் என்று வைத்தது. இன்று கடையில் வாங்கும் உடையில் ஓவர்லாக் அடித்துக் கால் அங்குலம்தான் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. ஐம்பதுகளில் இந்த வகைப் பாவாடை முழங்காலுக்குக் கீழே, பல சமயம் கெண்டைக்கால் பாதி வரை வரும். உங்களுடையது முழங்காலோடு நிற்கிறது என்கிறீர்கள். அந்த அம்மாவின் தாயார் உயரமா குள்ளமா?

#12 எடிசன்வாசி

படத்தில் பார்த்தால் உயரம்தான். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

#13 பாபின்

எனக்கு அறுபதுகள்தான் பிடித்த காலம். மேரி குவான்ட் 1955இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் கடை திறந்தார், அறுபதுகளில் மினி பாவாடை. பாரிஸில் கூரேஜ் என்ற வடிவமைப்பாளர். கம்பியும் வேண்டாம், பட்டியும் வேண்டாம் என்று பெண்கள் அத்தனையையும் கழற்றிப் போட்ட காலம். ஓடலாம், ஆடலாம், பஸ் ஏறலாம். ஐம்பதுகளின் உள்வேலையை கத்தரிக்கோல் அக்கா இவ்வளவு புகழ்கிறார்கள், அதற்குள் இருந்தவளுக்கு அது கூண்டுதானே?

#14 கத்தரிக்கோல்

கூண்டு என்பது உண்மைதான், மறுக்கமாட்டேன். வேலைப்பாடு நன்றாக இருந்தால் கூண்டு இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் கழற்றியது அறுபதுகளில் திடீரென்று நடக்கவில்லை. 1957லேயே பலென்சியாகா சாக்கு மாதிரி இடுப்பில்லாத உடையைக் காட்டினார். டியோர் அந்த அக்டோபரில் இறந்ததும் அவர் இடத்துக்கு வந்த ஈவ் சென் லோரான் 1958 ஜனவரியில் தோளிலிருந்து கூம்பாக விரியும் உடையைக் கொண்டுவந்தார், வயது 21. அந்தச் சாக்கு உடை அன்று பலருக்குப் பிடிக்கவில்லை. இடுப்பைக் காணோம் என்றார்கள்!

அதே சென் லோரான் 1965இல் மோந்த்ரியான் ஓவியம் மாதிரி கட்டம் போட்ட காக்டெய்ல் உடை செய்தாரே, அதைப் பார்த்தால் ஒரு நேரான பெட்டி என்று தோன்றும். உண்மையில் அந்தக் கறுப்புக் கோடுகள் அச்சடித்தவை இல்லை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கம்பளி ஜெர்ஸித் துண்டு, உடம்புக்குத் தேவையான வளைவையெல்லாம் அந்தக் கோட்டுத் தையலுக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டார்கள். டக் ஒன்றுகூட வெளியே தெரியாது. நான் தொழில் கற்ற காலத்தில் அந்தப் படத்தை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை அறுபதுகளின் உச்சம் அதுதான், மினியல்ல.

நேரான ஷிஃப்ட் உடை சாதாரணப் பெண்களுக்கு மிகவும் இணக்கமானது. வயிறு, இடுப்பு எதையும் கேட்காது. கேட்டது கால்களை மட்டும்.

#15 வெம்பிளி

நான் யாழ்ப்பாணம், 86இல் லண்டன் வந்தேன். ஒரு சின்னத் தையல் ஃபாக்டரியில் வேலை, பெயர் வேண்டாம். நாங்கள் இந்த உடையைச் சட்டை என்றுதான் சொல்வோம், பார்ட்டிச் சட்டை. தோளுக்கு வைக்கும் பஞ்சுப் பட்டை சாக்குச் சாக்காக வரும். ஒரு சட்டைக்கு இரண்டு சோடி வைத்ததும் உண்டு. சட்டையில் ஒன்று, மேலே போடும் ஜாக்கெட்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் தோள் காதருகே நிற்கும். பளபளப்புத் துணி, பின்னால் பெரிய வில் முடிச்சு. அந்த வருஷங்களில் பாரிஸில் லக்ருவா என்ற வடிவமைப்பாளர் பலூன் மாதிரி ஊதிய பாவாடை கொண்டுவந்தார், நாங்கள் மலிவுத் துணியில் அதையே தைத்தோம். அந்த ஊதல் நிற்க உள்ளே நெட் வைக்க வேண்டும், ஓரத்தைச் சுருக்கி உள்பாவாடையோடு சேர்த்து மடிக்க வேண்டும். அது எளிதான வேலை இல்லை. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி, மற்றச் சட்டைக்குக் கொடுத்த அதே கூலியைத்தான் அதற்கும் கொடுத்தார்கள். நாங்கள் கதைத்துப் பார்த்தோம், கூட்டித் தரவில்லை.

தொண்ணூறுகளில் திருத்தத் தையல் கடைக்கு மாறினேன். வந்தவர்கள் முதலில் கேட்டது, இந்தத் தோள் பஞ்சை எடுத்துத் தாருங்கள் என்று. நான் வைத்ததை நானே பிரித்தேன்.

#16 திருப்பூர் நிட்டிங்

கத்தரிக்கோல் அம்மா சொன்ன 'துணி செய்யும் வேலை' எங்கள் ஏரியா, அதனால் நுழைகிறேன். எங்கள் ஊரில் எல்லா இழுவைத் துணியையும் லைக்ரா என்றே சொல்வோம். 1958இல் டூபான் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தது. அந்த இழையைத் தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். முதலில் உள்ளாடைக்குத்தான், ரப்பருக்குப் பதிலாக. துணியில் ஐந்து சதவீதம் கலந்தாலே போதும், நடத்தை மாறிவிடும்.

ஆனால் அது பார்ட்டி உடைக்கு வருவதற்கு முன்பே எழுபதுகளில் ஜெர்ஸி பெரிதாகிவிட்டது. நியூயார்க்கில் ஹால்ஸ்டன் ஜிப்பே இல்லாமல் கழுத்தில் கட்டிவிடும் உடைகள் செய்தார். டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974இல் சுற்றிக் கட்டும் உடை கொண்டுவந்தார், 1976க்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பட்டன் இல்லை, ஹூக் இல்லை, ஒரு முடிச்சுதான். ஆபீசுக்குப் போட்டதையே சாயங்காலம் நகை மாற்றிப் போட்டுக்கொண்டு போகலாம். நிட் துணி என்றால் இடைவிடாத வளையம், கம்பி கேட்காது, டக் கேட்காது, தானே படியும். எங்கள் வேலைக்கு மரியாதை வந்த காலம் அது என்பேன்.

#17 பழையபெட்டி

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். ஆபீசுக்குப் போட்டதையே மாலைக்கும் போடலாம் என்று ஆனதும் அந்த ஆறு மணி செத்துப்போனது. 1977இல் நியூயார்க்கில் ஸ்டூடியோ 54 என்ற டிஸ்கோ கிளப் திறந்தபோது கூட்டம் சேர்ந்ததே நள்ளிரவுக்கு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நடுவில் வீட்டுக்கு வந்து உடை மாற்ற நேரம் ஏது? அவளுக்கு நல்லதுதான் நடந்தது, தெரிகிறது. ஆனால் ஒரு வேளைக்கென்று பிறந்த உடை, வேளை போனதும் வெறும் 'பார்ட்டி டிரஸ்' ஆகிவிட்டது. எண்பதுகளில் பெயர் திரும்பி வந்தது, பழைய அர்த்தம் வரவில்லை.

#18 கத்தரிக்கோல்

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ஹால்ஸ்டன் ஜெர்ஸியைத் தம்பி பெருமையாகச் சொல்கிறார், நானும் வெட்டியிருக்கிறேன், வெண்ணெய் மாதிரி வழியும். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சிலவற்றில் லைனிங்கூட இல்லை. கம்பி போனது, நெட் போனது, அப்புறம் உருவத்தை யார் பிடித்து நிறுத்துவது? அந்தப் பெண்ணின் உடம்பே. எண்பதுகளில் அலாயா லைக்ரா கலந்த நிட்டில் உடம்போடு ஒட்டவைத்தார். அவர் கைவேலை பெரியது, வளைந்து வளைந்து போகும் அந்தத் தையல்களை யாரும் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் அதுவும் போய், தோளில் இரண்டு நூல் போன்ற வார் வைத்த ஸ்லிப் உடை. முப்பதுகளின் கிராஸ் கட்டிங்தான் திரும்பி வந்தது. பார்த்தால் உள்பாவாடை. அதைப் போட்டுக்கொண்டு நிற்கத் தட்டை வயிறு வேண்டும், அதற்கு ஜிம் வேண்டும், சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். ஐம்பதுகளில் கம்பி உடைக்குள் இருந்தது, வீட்டுக்கு வந்து கழற்றிவைக்கலாம். இதைக் கழற்ற முடியாது.

என்னிடம் அளவு கொடுக்க வந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் தெரியுமா? அடுத்த மாதம் குறைந்துவிடுவேன், அரை அங்குலம் குறைத்தே வெட்டுங்கள் என்பார்கள். நான் ஒருநாளும் குறைத்து வெட்டியதில்லை. விளிம்பில் துணி விட்டு வைப்பேன்.

#19 பாபின்

இது நான் யோசிக்காத கோணம் அக்கா. 2000இல் சாரா பிளேக்லி உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை விற்கும் ஸ்பாங்க்ஸ் கம்பெனியை ஆரம்பித்து இவ்வளவு பெரிதானதும் இதனால்தானே? உடைக்குள் இருந்ததை எடுத்துவிட்டு, அதையே தனியாக விற்றார்கள். கூண்டு என்று நான்தான் சொன்னேன், நானும் விசேஷத்துக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்.

#20 கத்தரிக்கோல்

அதேதான். நீங்கள் சொன்ன கூண்டும் தப்பில்லை.

#21 வெம்பிளி

தொண்ணூறுகள் என்றால் எனக்கு டயானாதான். 1994 ஜூன் 29, சார்ள்ஸ் டிவியில் தன் தொடர்பை ஒப்புக்கொண்ட அதே இரவு, செர்பன்டைன் காலரி விருந்துக்கு அந்தக் கறுப்புப் பட்டுச் சட்டையில் வந்து இறங்கினாரே! தோள் திறந்தது, முழங்காலுக்கு மேலே. கிறிஸ்டினா ஸ்தாம்போலியன் தைத்தது. வாங்கி மூன்று வருஷம் போல அலமாரியில் கிடந்ததாம், துணிச்சலான சட்டை என்று போடாமல் வைத்திருந்தார். அடுத்த நாள் கடையில் எல்லோரும் அந்தப் பத்திரிகைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரமே ஒருத்தி வந்து, தன் கறுப்புச் சட்டையின் கையை வெட்டி இதே மாதிரிச் செய்து தரச் சொன்னாள். செய்து கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பழையபெட்டி அய்யா, ஆறு மணி செத்துவிட்டது என்றீர்கள். அது சாயங்கால விருந்துதான், கறுப்புதான், சின்னச் சட்டைதான்.

#22 பழையபெட்டி

அந்த இரவை மறந்துவிட்டேன். ஏற்றுக்கொள்கிறேன் அம்மா.

#23 ஆரிக்காரி

2000க்குப் பிறகு பெரிய மாற்றம் வடிவத்தில் இல்லை என்று நினைக்கிறேன், எல்லாக் காலமும் ஒரே கடையில் தொங்குகிறது. மாறியது யார் கையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்பது. ஒரு தடவை போட்டுப் படம் எடுத்துவிட்டால் திரும்பப் போடத் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் 2009லேயே வாடகைக்கு உடை கொடுக்கும் ரென்ட் த ரன்வே வந்துவிட்டது. இங்கே ரிசப்ஷனுக்கு முன்தினம் காக்டெய்ல் பார்ட்டி வைக்கிறார்கள், அதற்குத் தைத்து முடித்த சேலை, கவுன் மாதிரி ஜிப் வைத்தது, என்னிடம் மணி வேலைக்கு வருகிறது. வேலை செய்யும்போதே தெரியும், இது ஒரு ராத்திரிக்குத்தான் என்று. இருபது நாள் உட்கார்ந்து போட்டது.

#24 எடிசன்வாசி

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். இன்று அந்த அம்மா காப்பிக்கு வந்தார். அவர் அம்மா ஐந்தடி எட்டு அங்குலமாம். கத்தரிக்கோல் அக்கா கேட்டதை வைத்து அடிமடிப்பைப் பார்த்தோம். உள்ளே ஐந்து அங்குலம் துணி மடித்துக் கிடக்கிறது! மெதுவாக ஒரு கை அகலத்துக்கு மட்டும் பிரித்தேன். பழைய மடிப்புக் கோடு வெளிறிப்போய்த் தெளிவாகத் தெரிகிறது, அந்தக் கோட்டில் கையால் போட்ட கண்ணுக்குத் தெரியாத தையலின் ஊசித் துளைகள். இப்போது இருக்கும் மடிப்பு வேறு நூல், கொஞ்சம் பழுப்பேறிய கறுப்பு, தையலும் பெரிது பெரிதாக, தொழில்காரர் கை இல்லை.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், இது நான் போட்ட தையல் என்று. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது, 1966ஆ 67ஆ தெரியவில்லை, ஆபீஸ் விருந்துக்குப் போக நல்ல உடை இல்லை, அம்மாவிடம் கேட்டு வாங்கி இரவோடு இரவாக மடித்துத் தைத்தாராம். மினி போடத் தைரியம் இல்லை, முழங்கால் வரை போதும் என்று நினைத்தாராம். நெட்டையும் அவரே கத்தரித்திருக்கிறார், கீழ் ஓரம் கோணலாக இருப்பது அதனால்தான். லேபிளைக் கத்தரித்ததும் அவர்தான், கழுத்தில் குத்தியதாம். யுத்த காலம் என்று சொன்னது அம்மாவின் வேறொரு உடையை நினைத்து, அது க்ரேப், அதை யாரோ தண்ணீரில் முக்கிவிட்டார்கள், குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டதாம்.

#25 கத்தரிக்கோல்

ரேயான் க்ரேப் அப்படித்தான், தண்ணீர் பட்டால் போச்சு. உங்களுடையதும் பட்டு டஃபேட்டாவா, பட்டு மாதிரி தெரியும் செயற்கை இழையான அசிடேட்டா என்று தெரியாமல் நனைக்காதீர்கள். உள்விளிம்பிலிருந்து இரண்டு இழை உருவி, அடுப்பங்கரைத் தொட்டிக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசம் வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகி, கெட்டியாக உருண்டு, வினிகர் வாடை வந்தால் அசிடேட். அசிடேட் என்றால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், துணி கரைந்து ஓட்டை விழும். இரண்டில் எதுவானாலும் நல்ல டிரை கிளீனரிடம் கொடுப்பதுதான் சரி.

மடிப்பைப் பிரித்து பழைய நீளத்துக்கு விடப்போகிறீர்களா? விட்டால் அந்த வெளிறிய கோடு வெளியே தெரியும். மேலே ஒரு வெல்வெட் ரிப்பன் வைத்து மறைக்கலாம், அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்வார்கள்.

#26 எடிசன்வாசி

அசிடேட்தான், வினிகர் வாடை வந்தது.

அவரையே கேட்டேன், பிரிக்கட்டுமா என்று. அது உன்னுடையது, உன் இஷ்டம் என்றார். நான் பிரித்த அந்தக் கை அகலத்தை மட்டும் கறுப்பு நூலில் திரும்பத் தைத்துவிட்டேன். அவர் தையல் மாதிரியே கொஞ்சம் பெரிது பெரிதாக. ஜிப் பாதியில் சிக்கியது, பென்சில் முனையைப் பல்லின் மேல் தேய்த்தேன், இப்போது ஓடுகிறது. சனிக்கிழமை அவருக்கு வழியனுப்பு விருந்து எங்கள் வீட்டில், சாயங்காலம் ஆறு மணிக்கு. ஜாக்கெட்டோடு போட்டுக்கொள்ளப்போகிறேன்.